நகரத்து வாடகை வண்டியும் மலையடிவாரத்துப் பேருந்தும்

(வித்துராவில் மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசிச் செயலி மூலம் வாடகை வண்டி அமர்த்தும் முறை பழைய டாக்சித் தொழிலையும் பொதுப் போக்குவரத்தையும் எவ்வாறு பாதித்துள்ளது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். முற்றிலும் நகரத்தைச் சார்ந்த இப்பொருளைப் பொன்முடி மலையின் அடிவாரத்தில் நின்று பேசுவானேன் என்று எனக்கே ஓர் ஐயம் இருந்தது. இன்று காலை தம்பானூரில் நான் ஏறிய பேருந்து பேரூர்க்கடை, நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு என்று ஊர் ஊராக நின்று இங்கு வந்து சேர்வதற்குள் அந்த ஐயம் நீங்கிற்று. பேரூர்க்கடை வரையில் வண்டியில் நிற்கவும் இடமில்லை. நெடுமங்காட்டிற்கு அப்பால் பாதி இருக்கைகள் காலியாகவே வந்தன. முதற்பகுதியில் ஈட்டிய வருவாயைக் கொண்டுதான் பிற்பகுதியில் அந்த வண்டி ஓடுகிறது. நகரத்திற்குள் அந்த முதற்பகுதிப் பயணிகளை வேறொருவர் அழைத்துக்கொண்டு போய்விட்டால் வித்துராவுக்கு வரும் வண்டியின் கதி என்ன? நான் இன்று பேச வந்தது இக்கேள்வியைப் பற்றியே.

போணக்காட்டுத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர் சிலரும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே தமிழிலேயே பேசுகிறேன். மலையாள நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கப் பெற்றது. அதனை நடத்துவதற்கு இலண்டன் மாநகரப் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் வரவழைக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து தருவித்த அடிச்சட்டங்களின்மீது இங்கேயே கூடு கட்டிப் பேருந்துகள் ஆக்கப்பட்டன. பட்டதாரிகள் நடத்துநர்களாக அமர்த்தப்பட்டனர். அதற்கு முன்னர் இத்தடங்களில் தனியார் வண்டிகள் ஓடாமலில்லை. ஆட்கள் நிரம்பினால் புறப்படும், நிரம்பாவிட்டால் காத்துக் கிடக்கும் என்பதே அவற்றின் கால அட்டவணை. நாகர்கோவிலில் வாழ்ந்த என் பாட்டனார் இறுதிவரை ‘சர்க்கார் வண்டி’ என்றுதான் சொல்வார். அதைப் பற்றி அவர் வியந்து கூறியது ஒன்றே ஒன்று: ஒருவர் ஏறினாலும் அது நேரத்திற்குப் புறப்பட்டுவிடும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுவேன் என்னும் அவ்வுறுதியே பொதுப் போக்குவரத்தின் இலக்கணம். இன்றைய செயலி வண்டி அந்த உறுதியை எவருக்கும் அளிப்பதில்லை. அளிக்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இனி, டாக்சியைக் கவனிப்போம். சாலையில் கை காட்டி நிறுத்தும் வண்டிக்கு உலகெங்கும் அரசு கட்டணம் நிர்ணயிப்பது ஏன்? மழையில் நனைந்துகொண்டு நிற்பவர் நான்கு வண்டிகளை நிறுத்தி விலை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. ஓட்டுநரின் குணநலனையும் அவரால் அறிய இயலாது. ஆகவேதான் உரிமம், மீட்டர், அரசு நிர்ணயித்த கட்டணம் ஆகிய மூன்றும் வந்தன. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு கட்டணம் குறித்து ஆணையிடும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்கியுள்ளது.

இந்த ஏற்பாடு நன்றாக நடந்தது என்று நான் சாதிக்கப் போவதில்லை. சென்னையில் ஆட்டோ ரிக்‌ஷாக் கட்டணம் 2013-இல் திருத்தி அமைக்கப்பட்டது: முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அதன்மேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். அதன்பின் எரிபொருள் விலை எங்கேயோ சென்றுவிட்டது. அரசாணையிலிருந்த கட்டணமோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. விளைவு, மீட்டர் ஓர் அலங்காரப் பொருளாயிற்று. ஒவ்வொரு பயணமும் பேரத்தில் தொடங்கிப் பிணக்கில் முடிந்தது. கேரளம் இவ்வகையில் மேலானது. 2022 மே முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோ மீட்டருக்கு 15 ரூபாய். ஆயினும் இரவு பத்து மணிக்குமேல் இரயில் நிலையத்தில் இறங்கி, வெளியே நிற்கும் வண்டிக்காரரிடம் போக வேண்டிய இடத்தைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உரிமத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய நகரங்களில் வேறொரு நோய் கண்டது. நியூயார்க்கில் ஒரு டாக்சி உரிமத்தின் சந்தை விலை 2014-இல் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. கடன் பட்டு அதை வாங்கிய ஓட்டுநர்கள், செயலி வண்டிகள் பெருகி 2018-இல் அதன் விலை இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்தபோது நடுத்தெருவில் நின்றனர்.

இத்தகைய குறைபாடுகள் நிறைந்த களத்தில்தான் செயலி நுழைந்தது. ஊபர் நிறுவனம் 2009-இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிற்று. நம் நாட்டு ஓலா 2010-இல் தொடங்கியது. 2013-இல் ஊபர் பெங்களூருக்கு வந்தது. செயலி செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. எங்கே வண்டி இருக்கிறது, எவ்வளவு கட்டணம், ஓட்டுநர் யார் என்ற மூன்று செய்திகளும் ஏறுவதற்கு முன்பே பயணிக்குக் கிடைக்கலாயின. தனியே பயணம் செய்யும் பெண்ணின் வீட்டார், வண்டி செல்லும் பாதையைத் தங்கள் கைப்பேசியிலேயே காண முடிந்தது. ஓட்டுநரும் ஸ்டாண்டில் வரிசை நின்று காத்துக் கிடக்கும் நேரம் குறைந்தது. பொருளாதார மாணவர்களுக்குப் புரியும்படிச் சொன்னால், தேவையும் அளிப்பும் ஒன்றையொன்று தேடி அலையும் செலவு குறைந்தது.

ஆனால் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதை நாம் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டோம். வண்டியையும் பயணியையும் சேர்த்து வைக்கும் தரகு வேலை ஒன்று. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் மற்றொன்று. முன்னது வணிகம். பின்னது சட்டப்படி அரசின் கையில் இருந்தது. அரசாணை எதுவும் பிறவாமலேயே அது ஒரு கணினி நிரலுக்குக் கைமாறிவிட்டது. கட்டணத்தை அந்த நிரல் முடிவு செய்ய, வண்டிக் கடன், எரிபொருள், பழுது, விபத்து ஆகிய பொறுப்புகள் அனைத்தும் ஓட்டுநரின் தலையிலேயே நின்றன. விலையை ஒருவர் தீர்மானிப்பதும் நட்டத்தை வேறொருவர் சுமப்பதும் எப்படி நியாயமாகும் என்ற வினா நீதிமன்றங்கள்வரை சென்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் உரிய தொழிலாளர்களே எனத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் இந்நிறுவனங்களை முதன்முறையாக மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டு வந்தது. 2020 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிகள், அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசு அறிவிக்கும் என்றும், நெரிசல் வேளையில் அதன் இரு மடங்கு வரையில் நிறுவனம் வாங்கலாம் என்றும், சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமேனும் சேர வேண்டும் என்றும் கூறுகின்றன. முந்தைய நெறிகளில் இரு மடங்கு என்பது ஒன்றரை மடங்காக இருந்தது. இந்த உயர்வு என் மனத்துக்கு அவ்வளவாக உவப்பாயில்லை. விலை ஏறினால் வண்டிகள் கூடுதலாக வரும் என்பது பாடநூல் வாதம். இடவப்பாதி மழையில் கிழக்கேகோட்டையில் முழங்காலளவு நீர் நிற்கையில் எந்த விலைக்கும் புது வண்டி முளைத்து வருவதில்லை. இருக்கின்ற வண்டி பணம் உள்ளவருக்குப் போய்ச் சேர்கிறது, அவ்வளவே.

இவ்விடத்தில் திருவனந்தபுரத்தின் அனுபவத்தைச் சற்று விரிவாகக் காண்போம். 2022 ஆகஸ்டு 17, சிங்க மாதப் பிறப்பன்று, மாநிலத் தொழிலாளர் துறை மோட்டார்த் தொழிலாளர் நல வாரியத்தின் வாயிலாகக் ‘கேரள சவாரி’ என்னும் செயலியை இந்நகரத்தில் தொடங்கியது. ஒரு மாநில அரசே நடத்தும் வாடகை வண்டிச் செயலி என்ற முறையில் நாடு முழுவதும் அது கவனிக்கப்பட்டது. கட்டணம் அரசு நிர்ணயித்ததே. நெரிசல் வேளைக் கட்டணம் கிடையாது. சேவைக் கட்டணம் 8 சதவீதமாக இருந்தது. கணக்கைப் பாருங்கள். ஆறு கிலோ மீட்டர் ஆட்டோப் பயணத்துக்கு அரசுக் கட்டணம் 97 ரூபாய் 50 காசு. கேரள சவாரியில் பயணி 105 ரூபாய் 30 காசு தந்தார், ஓட்டுநருக்கு 97.50 முழுமையாகச் சேர்ந்தது. அதே கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கைத் தனியார் தரகாகப் பிடித்தால் ஓட்டுநர் கையில் நிற்பது ஏறத்தாழ 73 ரூபாய். பயணி, ஓட்டுநர் ஆகிய இருவருக்குமே நியாயமான ஏற்பாடு இது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இருந்தும் எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. இதற்கு அரசு அலுவலர்களின் சுணக்கமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் ஓர் அரசு அலுவலன் என்பதால் அதை முற்றிலும் மறுக்கவும் துணியேன். ஆயினும் அடிப்படைக் காரணம் வேறு. வாரச் சந்தையை எண்ணிப் பாருங்கள். விற்பவர் வருவார் என்று நம்பி வாங்குபவர் வருகிறார். வாங்குபவர் வருவார் என்று நம்பி விற்பவர் வருகிறார். இரு தரப்பும் ஒரே நாளில் திரண்டால்தான் அது சந்தை. செயலியைத் திறக்கும் பயணிக்கு இரண்டு முறை வண்டி கிடைக்காவிட்டால் மூன்றாம் முறை அவர் திறப்பதில்லை. இரண்டு மணி நேரம் அழைப்பே வராத ஓட்டுநர் வேறு செயலிக்கு மாறிவிடுகிறார். தனியார் நிறுவனங்கள் இந்த இக்கட்டைத் தம் திறமையால் மட்டும் கடந்துவிடவில்லை. முதலீட்டாளர் பணத்தை ஆண்டுக்கணக்கில் நட்டப்பட்டு, பயணிக்குத் தள்ளுபடியும் ஓட்டுநருக்கு ஊக்கத் தொகையுமாக வாரி இறைத்துக் கூட்டத்தைச் சேர்த்தன. கூட்டம் சேர்ந்த பிறகு தள்ளுபடி மறைந்தது, தரகு நிலைத்தது. ஒரு மாநில அரசு தன் வரிப்பணத்தை அவ்வாறு இறைக்க முடியாது, இறைக்கவும் கூடாது.

ஓட்டுநர்கள் தாமே முயன்ற இடங்களில் நிலைமை சற்று மாறுபட்டது. கொச்சியில் 2021-இல் திறந்த வலையமைப்பு ஒன்று அமைக்கப்பட்டு, ‘யாத்ரி’ செயலியில் டாக்சி ஓட்டுநர் சங்கத்தினர் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையுடன் வந்த ‘நம்ம யாத்ரி’ தரகு என்பதையே நீக்கி, நாள் சந்தா என்ற சிறு தொகையோடு நின்றது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சங்கத்தில் இருந்த ஓட்டுநர்கள் ஒருசேர வந்ததால் சந்தையின் ஒரு பாதி முதல் நாளிலேயே திரண்டுவிட்டது. கேரள சவாரியும் 2025-இல் தரகுக்கு மாற்றாகச் சந்தா முறையை ஏற்றுப் புதிய வடிவில் சோதனை ஓட்டத்தைத் தொடங்கியது.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. எனினும் வித்துராவிலிருந்து பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது: எட்டு சதவீதமாயினும், இருபத்தைந்து சதவீதமாயினும், தரகே இல்லையாயினும், இம்மூன்று வகைச் செயலிகளும் நகரத்தின் நெருக்கத்தில்தான் உயிர் வாழும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஓரிரவு, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, திருவனந்தபுரத்திலிருந்து இப்பக்கம் வர ஒரு செயலியில் வண்டிக்குப் பதிவு செய்தேன். அதன் பெயர் வேண்டாம். ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். “சார் எங்கே போகணும்?” என்றார். வித்துரா என்றேன். “நெடுமங்காடு வரைக்கும்னா வரலாம் சார்” என்றார். அதற்கு மேல் கேட்டதற்கு மறுமொழி இல்லை, பதிவு நீங்கிவிட்டது. இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே. அன்று எனக்குச் சினம் வந்தது உண்மை. பின்னர்க் கணக்குப் போட்டபோது தணிந்தது. 1500 சி.சி.க்குக் குறைந்த டாக்சிக்கு 2022-ஆம் ஆண்டுக் கட்டணப்படி முதல் 5 கிலோ மீட்டருக்கு 200 ரூபாய், மேற்கொண்டு கிலோ மீட்டருக்கு 18 ரூபாய். 38 கிலோ மீட்டர் என்று கொண்டால் 794 ரூபாய் ஆகிறது. நள்ளிரவில் என்னை இறக்கிவிட்டு அவர் திரும்பும்போது இந்த அங்காடித் தெருவில் பயணி எவரும் கிடைக்கப் போவதில்லை. ஆக, 794 ரூபாய் 76 கிலோ மீட்டருக்கான கூலி. அதிலிருந்து எரிபொருளும் தரகும் கழிய வேண்டும். காரணமின்றிப் பதிவை நீக்கினால் கட்டணத்தில் 10 சதவீதம், நூறு ரூபாய்க்கு மேற்படாமல், அபராதம் என்று 2025-ஆம் ஆண்டு நெறிகள் கூறுகின்றன. நூறு ரூபாய் அபராதம் இந்தக் கணக்கை மாற்றிவிடாது.

அதே தொலைவுக்கு அரசுப் பேருந்தில் நான் கொடுத்த கட்டணம் அத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாலையில் அந்த வண்டி காலியாகத் திரும்பினாலும் மறுநாள் வருகிறது. போணக்காட்டு மலைப்பாதையில் ஏறும் பேருந்தை வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்த்து எவரும் இயக்க மாட்டார்கள். நகரத் தடங்களின் உபரி, மலைத் தடத்தின் பற்றாக்குறையைத் தாங்குகிறது. இதைத்தான் குறுக்கு மானியம் என்கிறோம். எந்த வரவு செலவுத் திட்ட ஏட்டிலும் தனித் தலைப்பில் காணப்படாத மானியம் அது. ஆகவே அது தேய்ந்தாலும் எவரும் கவனிப்பதில்லை.

அது தேய்வது எப்படி? செயலி வண்டியால் தனியார் கார்கள் குறையும், சாலை நெரிசல் தணியும் என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2010-க்கும் 2016-க்கும் இடையே வார நாட்களில் வண்டிகள் நெரிசலில் இழந்த நேரம் 62 சதவீதம் கூடியதாகவும், செயலி வண்டிகள் இல்லாதிருந்தால் 22 சதவீதமே கூடியிருக்கும் என்றும் மதிப்பிட்டது. அழைப்பை எதிர்நோக்கிக் காலியாகச் சுற்றும் வண்டிகளும் சாலையில்தானே ஓடுகின்றன! நெரிசலில் பேருந்து பிந்துகிறது. பிந்தும் பேருந்தை விட்டு, கையில் காசுள்ள பயணி செயலிக்கு மாறுகிறார். அவர் மாறுவதால் சாலையில் இன்னொரு வண்டி கூடுகிறது. நியூயார்க் நகரம் 2018-இல் இத்தகைய வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்ததன் பின்னணி இதுவே. நம் நகரங்களில் இரு சக்கர டாக்சி வேறு வந்திருக்கிறது. பேருந்தின் குறுந்தொலைவுப் பயணியே அதன் முதல் இலக்கு. குறுந்தொலைவுப் பயணிதான், கிலோ மீட்டர்க் கணக்கில் பார்த்தால், பேருந்துக்கு மிகுதியாகக் கட்டணம் தருபவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவர் போனால் முதலில் நிறுத்தப்படுவது நகரத் தடம் அன்று. மாலை ஏழு மணிக்கு மேல் மலையேறும் தடம்.

எனவே செயலியைத் தடை செய்க என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் முயன்று பார்த்த வழி அது; தடை நீங்கும் நாள்வரை பயணிகள் திருட்டுத்தனமாகப் பயணம் செய்தார்கள், அவ்வளவே. நான் வேண்டுவது, செயலிக்கு உரிமம் வழங்கும் அலுவலர் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே: இவ்வண்டி பயணியைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டு வருகிறதா, அங்கிருந்து கொண்டு போகிறதா? திருவனந்தபுரத்தில் 2021 நவம்பரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் வட்டப் பாதைகளில் நகரப் பேருந்துகளைத் தொடங்கியது. அத்தகைய பேருந்தில் வந்து இறங்குபவருக்குக் கடைசி இரண்டு கிலோ மீட்டருக்கு ஓர் ஆட்டோ, அதே சீட்டில் கிடைக்குமானால், செயலி பேருந்துக்குத் துணையாகிறது. அரசிடம் முதலீட்டாளர் பணம் இல்லை. ஆனால் நாள்தோறும் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் பயணிகள் இருக்கிறார்கள். கேரள சவாரி போன்ற முயற்சி கூட்டத்தைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டுவதில்லை. கொச்சியில் 2020-இல் அமைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் போன்ற ஒரே அமைப்பின் கீழ் பேருந்தும் வாடகை வண்டியும் வந்தால்தான் இது கைகூடும். தனித்தனித் துறைகள் தனித்தனிக் கோப்புகளில் எழுதிக்கொண்டிருந்தால் நடவாது. இதை என் முப்பது ஆண்டுப் பணி அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓட்டுநர் நலன் பற்றி ஒரு சொல். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரையில் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. கேரளத்தில் மோட்டார்த் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1985-லேயே இயற்றப்பட்டது. ஆகவே நிதியை வாங்கிப் பகிரும் பழக்கம் இங்கு புதியதன்று. ஆனால் தரகு இன்றிச் சந்தா மட்டும் பெறும் செயலியின் விற்றுமுதல் எது? பயணி தரும் கட்டணமா, ஓட்டுநர் தரும் சந்தாவா? முன்னதாகக் கொண்டால் நல்ல எண்ணத்தில் தொடங்கிய முயற்சி நசியும்; பின்னதாகக் கொண்டால் பெரிய நிறுவனங்களும் அந்தப் பெயருக்குள் புகுந்துகொள்ளும். மாணவர்களில் எவரேனும் ஆய்வுப் பொருள் தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொரு பொருளையும் கூறுகிறேன். வித்துரா நிலையத்தில் வந்து சேரும் ஒவ்வொரு பேருந்திலும் எத்தனை பேர் இறங்குகிறார்கள், அவர்கள் அடுத்து எதில் ஏறுகிறார்கள், நடந்தே போகிறவர் எத்தனை பேர் என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். இதற்குக் கணினி வேண்டாம். ஒரு குறிப்பேடும் முறை வைத்து உட்கார நான்கு மாணவர்களும் போதும். எண்ணி முடித்ததும் ஒரு படியைப் பேருந்துப் பணிமனைக்கும், மற்றொன்றை எனக்கும் அனுப்புங்கள்.

தம்பானூருக்குத் திரும்பும் என் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதுவரையில் உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.